வளைஞ்சத நேராக்கலாம், குறைஞ்சத திருப்பித் தர முடியாது: ஒரு வாசகருக்கு யூராலஜிஸ்ட் பதில்

போன வாரம் ஒரு நீளமான மெயில் வந்துச்சு. பேரு, ஊரு, வேலைனு அடையாளம் தெரியற எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சுருக்கிச் சொல்றேன், எழுதினவர் கிட்ட கேட்டுட்டுதான் போடுறேன்.

அவருக்கு வயசு 54. சுகர் வந்து 9 வருஷம் ஆகுது, கடைசியா எடுத்த ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் காட்டற டெஸ்ட்) 8.9. ஒரு நாளைக்கு அஞ்சாறு சிகரெட். 16 மாசத்துக்கு முன்னாடி விறைப்பு வர்ற நேரத்துல ஆணுறுப்போட மேல்பக்கம் ஒரு வலி, கொஞ்ச நாள்ல தோலுக்கு அடியில சட்டை பட்டன் சைஸ்ல கெட்டியா ஒண்ணு தட்டுப்பட ஆரம்பிச்சிருக்கு, அப்புறம் மெதுவா மேல் நோக்கி வளைஞ்சிருச்சு. வலி இப்போ இல்ல, போய் அஞ்சு மாசம் ஆச்சு, வளைவும் அதுக்கப்புறம் கூடின மாதிரி தெரியலங்கறார். பையனோட ஜியோமெட்ரி பாக்ஸ்ல இருந்து பாகைமானிய எடுத்து பாத்ரூம்ல கதவச் சாத்திட்டு அளந்திருக்கார், 55 டிகிரி. விறைப்பும் "முன்ன மாதிரி இல்ல, பாதிதான்". ஒரே ஒரு தடவ விறைப்புக்கான மாத்திரை போட்டுப் பாத்திருக்கார், வேலை செய்யல. அஞ்சு மாசம் வைட்டமின் ஈ சாப்பிட்டிருக்கார், ஆன்லைன்ல ஒரு எண்ணெய் வாங்கித் தடவியிருக்கார், கையால எதிர்ப்பக்கமா அழுத்தி நிமிர்த்தவும் பாத்திருக்கார். ரெண்டு டாக்டர்கிட்ட போயிருக்கார். ஒருத்தர் கட்டிய வெட்டி எடுத்துட்டு ஒட்டு வச்சுடலாம், நீளம் குறையாதுன்னிருக்கார். இன்னொருத்தர் நேரா இம்பிளான்ட்தான்னுட்டார், அதாவது விறைப்புக்காக உள்ள வைக்கற செயற்கைக் கருவி. மனைவிகிட்ட இது எதையும் சொல்லல, முதுகு வலினு சொல்லிட்டு ஏழு மாசமா வேற ரூம்ல படுக்கறார். கடைசியா மூணு கேள்வி: எந்த ஆபரேஷன் நல்லது, பண்ணா பழையபடி ஆயிருமா, சின்ன வயசுல பண்ண தப்புக்கு வந்த தண்டனையா இது.

சார், கடைசி கேள்வியில இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா மத்த எல்லாத்தையும் நீங்க தனியா சுமந்துட்டு இருக்கறதுக்கு அதுதான் காரணம்னு படுது. இது தண்டனை இல்ல. சுய இன்பத்தால வர்ற நோயும் இல்ல. புற்றுநோய் இல்ல, பால்வினை நோய் இல்ல, உங்க மனைவிக்கு ஒட்டாது. இதுக்கு பெய்ரோனி நோய்னு பேரு. பிரான்ஸ்ல 15-ஆம் லூயி மன்னருக்கு சர்ஜனா இருந்த லா பெய்ரோனி 1743-லயே இதப் பத்தி எழுதி வச்சிருக்கார், அதாவது 280 வருஷமா டாக்டர்களுக்குத் தெரிஞ்ச சமாச்சாரம், உங்களுக்கு மட்டும் புதுசா வந்ததில்ல. அம்பது அறுபது வயசுல இருக்கறவங்களுக்குத்தான் அதிகமா வருது, யாரும் வெளிய சொல்றதில்ல, அவ்ளோதான்.

உள்ள என்ன நடந்திருக்குனு புரிஞ்சாதான் ஆபரேஷன் புரியும். ஆணுறுப்புக்குள்ள ரத்தம் நிரம்பற ரெண்டு குழாய் இருக்கு, அதச் சுத்தி ஒரு கெட்டியான உறை இருக்கு. விறைப்பு வரும்போது உள்ள ரத்தம் நிரம்ப நிரம்ப அந்த உறை எல்லாப் பக்கமும் சமமா விரியணும். உடலுறவு நேரத்துல ஏதோ ஒரு கட்டத்துல, பெரும்பாலும் நமக்கே தெரியாம, லேசா மடங்கி அந்த உறைக்குள்ள சின்னச் சின்ன காயம் படுது. நிறைய பேருக்கு அது ஆறிடும். சிலருக்கு மட்டும் உடம்பு அத ஆத்தற விதமே கோணலா போய், தழும்பு தடிச்சு கெட்டியாகி அப்படியே நின்னுடுது. அதான் நீங்க தொட்டுப் பாத்த பட்டன். தழும்பு விரியாது. மத்த பக்கம் எல்லாம் விரியும்போது அந்தப் பக்கம் மட்டும் இழுத்துப் பிடிக்கும், அதனால அந்தப் பக்கமா வளையும். சட்டைக் கையில ஒரு பக்கம் மட்டும் துணிய இறுக்கித் தச்சுட்டா முழங்கைய நீட்ட முடியாம இழுக்கும் பாருங்க, அதே கதை.

இதுல நீங்க ஒரு தப்புக் கணக்கு போட்டு வச்சிருக்கீங்க, முதல் டாக்டர் சொன்னதும் அதுக்குத் தோதா அமைஞ்சுடுச்சு. "கட்டிய எடுத்துட்டா சரியாயிரும்" அப்படிங்கறது. அது உறைக்கு மேல வந்து உக்காந்த கட்டி இல்ல சார், உறையே அந்த இடத்துல தழும்பா மாறிப் போச்சு. அத எடுத்தா அங்க ஓட்டைதான் இருக்கும், அந்த ஓட்டைய வேற எதையாவது வச்சு மூடணும். முழுசா வெட்டி எடுத்தா ஓட்டையும் பெருசாகுது, விறைப்பு குறையற ஆபத்தும் கூடுதுனு பாத்து, இப்போல்லாம் பெரும்பாலும் தழும்ப கீறி விடறது, இல்லேன்னா கொஞ்சம் மட்டும் எடுக்கறதோட நிறுத்திக்கறாங்க.

அவசரம் வேண்டாம், ஆனா உங்க நேரம் கிட்டத்தட்ட வந்தாச்சு

இந்த நோய்க்கு ரெண்டு கட்டம். முதல் கட்டத்துல வலி இருக்கும், வளைவு மாசா மாசம் மாறும். ரெண்டாவது கட்டத்துல வலி அடங்கி, வளைவும் ஒரு இடத்துல நின்னுடும். முதல் கட்டத்துல கத்தி வைக்கக் கூடாது, ஏன்னா இன்னிக்கு நேராக்கி விட்டா நாளைக்கு தழும்பு வளர்ந்து திரும்ப வளைஞ்சுடும். ஆரம்பிச்சு ஒரு வருஷமாவது ஆகியிருக்கணும், அதுல கடைசி மூணுல இருந்து ஆறு மாசம் வளைவு மாறாம இருக்கணும், அப்படித்தான் பொதுவா பாப்பாங்க. உங்களுக்கு 16 மாசம் ஆச்சு, அஞ்சு மாசமா அமைதியா இருக்கு. அதனால ஆபரேஷன் பத்திப் பேசற கட்டத்துக்கு வந்துட்டீங்க. தானா சரியாயிடும்னு இன்னும் காத்திருக்கறதுல பெருசா பலன் இல்ல, தானா குறையறது பத்துல ஒருத்தருக்குத்தான் நடக்குது, அதுவும் பெரும்பாலும் ஆரம்பத்துலயே.

வைட்டமின் ஈ-ய நிறுத்திடுங்க. அமெரிக்க யூராலஜி சங்கம் 2015-ல போட்ட வழிகாட்டுதல்லயே அத இதுக்குக் குடுக்காதீங்கன்னு பேர் சொல்லியே எழுதியிருக்காங்க. எண்ணெய் பத்திச் சொல்லவே வேண்டாம், அந்த உறை வரைக்கும் அது போறதே இல்ல. ஷாக் வேவ் ட்ரீட்மென்ட்னு யாராவது ஆசை காட்டினா, அது வலிய வேணும்னா குறைக்கும், வளைவ நிமிர்த்தாது, உங்களுக்கு வலியே இல்ல, அப்புறம் எதுக்கு. கையால அழுத்தி நிமிர்த்தறத இன்னிக்கே விடுங்க, ப்ளீஸ். இந்த நோயே சின்னக் காயத்துல இருந்து வந்ததுதான், அதுக்கு மேல நீங்களே இன்னொரு காயம் போடாதீங்க. விறைப்போட இருக்கும்போது வேகமா மடக்கி உறை கிழிஞ்சா டப்னு ஒரு சத்தம் கேக்கும், உடனே விறைப்பு போயிடும், நீலமா வீங்கிடும், அது நடுராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சி.

ஆபரேஷனுக்கு முன்னாடி முயற்சி பண்ணக் கூடியது உண்மையிலேயே ரெண்டு இருக்கு. ஒண்ணு, தழும்புக்குள்ள போடற கொலாஜினேஸ் ஊசி, தழும்ப இளக்கற மருந்து, அமெரிக்காவுல 2013-ல அனுமதி குடுத்தாங்க. எல்லா நாட்டுலயும் கிடைக்காது. பெரிய ஆய்வுகள்ல சராசரியா வளைவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது, அதாவது உங்க 55 ஒரு 37 பக்கம் வரலாம், நேர்க்கோடு ஆகாது. அரிதா உறை கிழியற ஆபத்தும் அதுல இருக்கு. இன்னொண்ணு இழுவைக் கருவி, தினமும் மாட்டிக்கணும், மாசக்கணக்குல, பொறுமை உள்ளவங்களுக்கு கொஞ்சம் பலன் தருது. இத ஆபரேஷனுக்கு அப்புறமும் நீளத்தக் காப்பாத்திக்க சில சர்ஜன்கள் பயன்படுத்தச் சொல்றாங்க.

பாகைமானி அளந்தது என்ன

நீங்க அளந்ததக் கேட்டு சிரிக்கல, உண்மையா பாராட்டறேன். எவ்ளோ வளைவுனு கேட்டா முக்காவாசி பேர் எனக்கு முன்னாடி ஆள்காட்டி விரல மடக்கிக் காட்டுவாங்க, அது 20-ஆவும் இருக்கும் 90-ஆவும் இருக்கும். ஆனா உங்க 55-ல ஒரு சிக்கல். விறைப்பு பாதிதான் வருதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பாதி விறைப்புல அளந்தா பாதி உண்மைதான் தெரியும், முழுசா விறைச்சா அது 70-ஆ கூட இருக்கலாம். நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்குதா, அந்த இடத்துல கீல் மாதிரி மடங்குதாங்கறதும் முழு விறைப்புலதான் தெரியும்.

அதனாலதான் கிளினிக்ல ஒரு ஊசி போட்டு விறைப்ப வரவச்சு, அப்போ கோணம் அளந்து, கூடவே டாப்ளர் ஸ்கேன்ல ரத்தம் எவ்ளோ உள்ள வருது, வந்தது தங்குதா, கசிஞ்சு போகுதானு பாப்பாங்க. உங்க மெயில நாலு தடவ படிச்சேன், ரெண்டு டாக்டர்ல யாரும் இந்த டெஸ்ட் எடுத்ததா ஒரு வரி கூட இல்ல. எடுக்காமலேயே ஒருத்தர் ஒட்டுங்கறார், ஒருத்தர் இம்பிளான்ட்ங்கறார். நான் முன்ன சொன்ன அதே வழிகாட்டுதல், ஆபரேஷனோ தழும்புக்குள்ள ஊசியோ எதுவா இருந்தாலும் அதுக்கு முன்னாடி இந்த விறைப்பு டெஸ்ட் கண்டிப்பா எடுக்கணும்னுது. அதனால "டெஸ்ட் எடுத்துட்டு முடிவு பண்ணலாமா டாக்டர்"னு கேக்கறது அதிகப்பிரசங்கித்தனம் இல்ல, உங்க உரிமை. டெஸ்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறமும் விறைப்பு அடங்காம 4 மணி நேரம் தாண்டினா ஆஸ்பத்திரிக்கு ஓடணும், கூச்சப்பட்டு விடிய விடிய உக்காந்திருக்கக் கூடாது, இத ஊசி போடும்போதே சொல்லிடுவாங்க, சொல்லலேன்னா நீங்க கேளுங்க.

அதே நாள்ல இழுத்து நீட்டின நீளத்தையும் ஸ்கேல் வச்சு அளந்து கேஸ் ஷீட்ல எழுதச் சொல்லுங்க. ஏன்னா இந்த நோயே நீளத்தக் குறைச்சுடும், கத்தி படறதுக்கு முன்னாடியே. அளவு எழுதி வைக்கலேன்னா ஆபரேஷனுக்கு அப்புறம் "எல்லாம் அவர் வெட்டினதாலதான்"னு தோணும், நோய் எடுத்துக்கிட்டது எவ்ளோ, ஆபரேஷன் எடுத்துக்கிட்டது எவ்ளோனு யாருக்கும் தெரியாது.

மூணு வழி

தையல்காரர் பாஷையில சொன்னா, ஒரு பக்கம் சுருங்கின சட்டைய ரெண்டு விதமா சரி பண்ணலாம். சுருங்காத பக்கத்தையும் அதே அளவுக்குப் பிடிச்சுத் தைக்கலாம், இல்லேன்னா சுருங்கின பக்கத்தப் பிரிச்சு ஒட்டுத்துணி வைக்கலாம்.

முதல் வழி, பிடிச்சுத் தைக்கிறது. வளைவுக்கு எதிர்ப்பக்கம், அதாவது உங்களுக்குக் கீழ்ப்பக்கம், உறையில மடிப்பு எடுத்து கரையாத நூலால தச்சுடுவாங்க. இல்லேன்னா உறையில சின்னதா நீள்வட்டமா துண்டு எடுத்துட்டுச் சேத்துத் தைப்பாங்க, அதுக்கு நெஸ்பிட்னு பேரு, அவர் 1965-ல பிறவி வளைவுக்காகப் பண்ணது, பின்னாடி இந்த நோய்க்கும் எடுத்துக்கிட்டாங்க. தழும்பத் தொடவே மாட்டாங்க, அதனால அந்தக் கெட்டி அப்படியே கைக்குத் தட்டுப்படும், அத ஆபரேஷன் தோத்துப் போச்சுனு நினைக்கக் கூடாது. வளைவு 60 டிகிரிக்குள்ள, ஒடுக்கம் இல்ல, விறைப்பு மாத்திரையோடவாவது நல்லா வருது, அப்படிப்பட்டவங்களுக்கு இதுதான் முதல் சாய்ஸ். நூத்துக்கு 80 பேருக்கு மேல நேராயிடும். விறைப்பு கெடற ஆபத்து மூணு வழியப் பேசும்போது இதுல கம்மி. விலை என்னன்னா நீளம். நீண்ட பக்கத்த குட்டைப் பக்கத்து அளவுக்குக் கொண்டு வர்றதுதானே இந்த ஆபரேஷனே, பெரும்பாலும் ஒண்ணுல இருந்து ரெண்டு சென்டிமீட்டர் போகும், வளைவு கூடக் கூட இதுவும் கூடும். சிலருக்கு நூல் முடிச்சு தோலுக்கு அடியில நெருடும்.

ரெண்டாவது வழி, ஒட்டு. தழும்பக் கீறி விரிச்சு, அந்த இடைவெளிக்கு உங்க கால்ல இருந்து எடுத்த ரத்தக்குழாய், கன்னத்து உள்பக்கச் சவ்வு, இல்லேன்னா மாடு, பன்றி மாதிரி விலங்குகளோட திசுவுல இருந்து பதப்படுத்தின ஒட்டு வச்சு மூடுவாங்க. எந்த விலங்குலருந்துனு கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு, வேண்டாம்னா வேற வைக்கச் சொல்லலாம். 60 டிகிரிக்கு மேல வளைவு, ஒடுக்கம், கீல் மாதிரி மடங்கறது, ஏற்கெனவே நீளம் ரொம்பக் குறைஞ்சு போனது, இவங்களுக்கெல்லாம் இதுதான் பொருத்தம். ஆனா முன்நிபந்தனை ஒண்ணு இருக்கு, விறைப்பு திடமா இருக்கணும். மேல்பக்கத் தழும்புக்குப் போகணும்னா அதுக்கு மேல ஓடற நரம்பு, ரத்தக்குழாய் எல்லாத்தையும் மெதுவா தூக்கித் தள்ளி வச்சுட்டுத்தான் வேலை பாக்கணும். அதனால நுனியில மரத்துப் போறது இதுல அதிகம், பெரும்பாலும் சில மாசத்துல திரும்பிடும், சிலருக்கு முழுசா திரும்பாது. ஒட்டு வச்ச இடத்துல ரத்தம் கசிஞ்சு விறைப்பு நிக்காமப் போறதும் உண்டு. எவ்ளோ பேருக்குனா ஒவ்வொரு சென்டர்லயும் ஒவ்வொரு நம்பர், சில இடத்துல நாலுல ஒருத்தர், சில ரிப்போர்ட்ல அதவிடவும் கூட. வயசு ஆக ஆக, விறைப்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தா, இந்த நம்பர் ஏறும். "நீளம் குறையாது"ங்கறதும் முழு உண்மை இல்ல, ஒட்டே பின்னாடி சுருங்கி கொஞ்சம் குறையலாம்.

மூணாவது வழி இம்பிளான்ட். இது மாத்திரைக்கும் விறைப்பு வராதவங்களுக்கு. உள்ள இருக்கற ரெண்டு குழாய்க்குள்ளயும் ரெண்டு சிலிண்டர் வச்சு, விதைப்பையில ஒரு குட்டி பம்பு, சிறுநீர்ப்பை பக்கத்துல ஒரு தண்ணிப் பை. பம்ப அமுக்கினா விறைக்கும், பட்டன அமுக்கினா தளரும். சிலிண்டர் ஊதினதுமே வளைவு ஓரளவு சரியாயிடும், மிச்சத்த சர்ஜன் மயக்கத்துலயே எதிர்ப்பக்கமா 90 செகண்ட் அழுத்திப் பிடிச்சு நேராக்குவார், 1994-ல இருந்து இப்படிப் பண்றாங்க. இதப் படிச்சுட்டு நானும் அழுத்திப் பாக்கறேன்னு திரும்ப ஆரம்பிச்சுடாதீங்க, அங்க உள்ள சிலிண்டர் தாங்கிப் பிடிக்குது. தொடு உணர்ச்சி, உச்சம், விந்து வர்றது எல்லாம் முன்ன எப்படியோ அப்படியேதான் இருக்கும், நீளம் மட்டும் கூடாது. பிரச்சனை என்னன்னா இது திரும்பி வர முடியாத பாதை, ஒரு தடவ வச்சுட்டா இயற்கையான விறைப்பு அதோட முடிஞ்சுது, எடுத்தாலும் வராது. மெஷின்தானே, பத்து பதினஞ்சு வருஷத்துல பழுதானா மாத்தணும். இன்ஃபெக்ஷன் நூத்துக்கு ரெண்டு மூணு பேருக்கு வரலாம், வந்தா மொத்தத்தையும் கழட்ட வேண்டி வரும், சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்களுக்கு அந்த ஆபத்து கூடுதல்.

உங்களுக்கு எது

நேரா சொல்லிடறேன். உங்களப் பரிசோதிக்காம முடிவு சொல்ல முடியாது, ஆனா நீங்க எழுதினத வச்சுப் பாத்தா ஒட்டு ஆபரேஷன்ல எனக்கு உடன்பாடு இல்ல. பாதி விறைப்பு, 9 வருஷ சுகர், சிகரெட், 54 வயசு. நீளத்தக் காப்பாத்தப் போய் விறைப்ப விட்டுட்டு வர்ற ஆள் யாருனு கேட்டா, புத்தகத்துல இந்த நாலையும்தான் எழுதியிருக்கும். நேரா இருக்கு ஆனா விறைக்கலேன்னா அந்த நேரா இருக்கறதுக்கு என்ன அர்த்தம்.

இம்பிளான்ட்தான்னு இப்பவே தீர்மானிக்கறதும் அவசரம். ஏன்னா மாத்திரை உங்களுக்கு வேலை செய்யலங்கறது ஒரே ஒரு நாள் கதை. வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு போட்டிருந்தா சில்டெனாஃபில் (வயாக்ரானு சொல்வாங்களே, அந்த மாத்திரை) சரியா உடம்புல சேராது. போட்டதும் தானா விறைக்கும்னு சும்மா காத்திருந்தாலும் வராது, மனசுல தூண்டுதல் இருந்தாத்தான் அது வேலை செய்யும், பாத்ரூம்ல பாகைமானியோட நிக்கறப்போ எந்த மாத்திரையும் ஒண்ணும் பண்ண முடியாது சார். சரியான டோஸ்ல, ஒரு ஆறேழு தடவயாவது முறையா போட்டுப் பாத்துட்டுத்தான் தோல்வினு எழுதணும். நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுத்தீங்கன்னா மட்டும் இதத் தொடவே கூடாது, அத டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

ஆக டெஸ்ட்ல வளைவு 60-க்குள்ள, மாத்திரையோட விறைப்பு போதுமான அளவு வருதுனா, பிடிச்சுத் தைக்கிறதுதான். ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர மனசார விட்டுக் குடுக்க முடியுமானு உங்களையே கேட்டுக்கோங்க, முடியாதுனு பதில் வந்தா ஆபரேஷனே வேண்டாம், இழுவைக் கருவியோட கொஞ்ச நாள் இருங்க. மாத்திரை, ஊசி எதுக்கும் விறைப்பு வரல, டாப்ளர்லயும் ரத்தம் தங்கலேன்னா ரெண்டாவது டாக்டர் சொன்னது சரி, அப்போ இம்பிளான்ட்தான் ரெண்டு பிரச்சனையையும் ஒரே டேபிள்ல முடிக்கும். 70, 80 டிகிரி, ஆனா விறைப்பு நல்லா வருதுனு ரிசல்ட் வந்தா மட்டும் ஒட்டப் பத்தி யோசிக்கலாம், அதுவும் அத அடிக்கடி பண்ற ஆள்கிட்ட.

"பழையபடி ஆயிருமா"னு கேட்டீங்க. ஆகாது. உடலுறவுக்குத் தோதா நேராகும், 10, 15 டிகிரி மிச்சம் இருந்தாலும் அத வெற்றினுதான் நாங்க எழுதுவோம். நாப்பது வயசுல இருந்த நீளமும் உருவமும் எந்த ஆபரேஷன்லயும் திரும்பாது. இத முன்னாடியே ஏத்துக்கிட்டு வர்றவங்கதான் பின்னாடி திருப்தியா இருக்காங்க, வளைவு எவ்ளோ மிச்சம்ங்கறத விட இதுதான் பெருசா தெரியுது எனக்கு.

எந்த வழியா இருந்தாலும் தேதி குறிக்கறதுக்கு முன்னாடி சுகர இறக்குங்க. 8.9-ஓட அவசரமில்லாத ஆபரேஷன நிறைய சர்ஜன்கள் தள்ளித்தான் போடுவாங்க. சிகரெட்டும் அப்படித்தான், காயம் ஆறறதுக்கும் விறைப்புக்கும் ரெண்டுக்குமே அது எதிரி. ரெண்டு மூணு மாசம் ஆகட்டும், அதுக்குள்ள வளைவு இன்னும் நிலையா நிக்குதானும் தெரிஞ்சுடும்.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

சம்மதப் படிவத்த ஆபரேஷன் அன்னிக்குக் காலையில நீட்டினா வாங்காதீங்க, ரெண்டு நாள் முன்னாடியே கேட்டு வாங்கி வீட்டுல உக்காந்து படிங்க. அதுல எந்த ஆபரேஷன்னு தெளிவா இருக்கணும், "தேவைப்பட்டால் மாற்று முறை"னு ஒரு வரி இருந்தா அது எந்த முறைன்னு எழுதித் தரச் சொல்லுங்க, தையலுக்குனு போய் இம்பிளான்ட்டோட முழிக்கக் கூடாது. முன்தோல் எடுப்பாங்களானு கேளுங்க, தோல முழுசா கீழ இறக்கிப் பண்ற ஆபரேஷன்ல பல சமயம் எடுத்துடுவாங்க, அத யாரும் சொல்லாம விட்டு கண் முழிச்சப்புறம் பாத்து ஆடிப் போனவங்கள நான் பாத்திருக்கேன். இந்த ஆபரேஷன வருஷத்துக்கு எத்தன பண்றீங்கனு சர்ஜன்கிட்ட கேக்கலாம், தப்பில்ல. எடுக்கற போட்டோ எல்லாம் உங்க மெடிக்கல் ரெக்கார்ட், முகம் தெரியாட்டியும் உங்க அனுமதி இல்லாம வேற எங்கயும் காட்டக் கூடாது. மூணாவது ஒரு யூராலஜிஸ்ட்கிட்ட கருத்து கேக்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு, முதல் ரெண்டு பேர் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிட்டுப் போங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு வாரமாவது உடலுறவு கூடாது. தூக்கத்துல தானா வர்ற விறைப்பு தையல இழுத்து எழுப்பி விடும், முதல் ஒரு வாரம் ராத்திரி கஷ்டமாத்தான் இருக்கும், எழுந்து நாலு நடை நடந்தா அடங்கும். பயந்துடாதீங்க, அது வர்றது நல்ல அறிகுறி.

மனைவி விஷயம். ஏழு மாசமா முதுகு வலி, வேற ரூம், டாக்டர் விசிட் எல்லாம் ரகசியம். அவங்க இடத்துல இருந்து பாருங்க, என்னன்னு நினைச்சிருப்பாங்க? உங்களுக்கு வேற யாரோ இருக்காங்கனோ, தன் மேல வெறுப்பு வந்துடுச்சுனோதான் நினைப்பாங்க, தழும்புன்னு யாரும் யூகிக்க மாட்டாங்க. இந்த நோய் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு மனச்சோர்வு இருக்கறதா ஆய்வு சொல்லுது, உங்க மெயில்ல "எதுலயும் பிடிப்பு இல்ல"னு மூணு இடத்துல வருது. அத ஆபரேஷன் சரி பண்ணாது, தூக்கமும் கெட்டுப் போச்சுனா மனநல ஆலோசகர் ஒருத்தரையும் பாருங்க. மனைவிகிட்ட எப்படி ஆரம்பிக்கறதுனு தெரியலேன்னா பெருசா வசனம் எல்லாம் வேண்டாம், "முதுகு வலி இல்ல, வேற ஒரு பிரச்சனை, டாக்டர்கிட்ட போறேன், நீயும் வா"ன்னு போதும். அடுத்த விசிட்ல கூட்டிட்டு வந்தா மிச்சத்த டாக்டரே சொல்லிடுவார், பாதி பாரம் அந்த ரூம்லயே இறங்கிடும். ஆபரேஷன்ல எது விட்டுக் குடுக்கலாம் எது முடியாதுங்கறதும் ரெண்டு பேர் சம்பந்தப்பட்ட முடிவுதான், நீளம் போறதப் பத்தி நீங்க கவலப்படற அளவுக்கு அவங்க கவலப்படுவாங்களானு கேட்டாத்தானே தெரியும்.

இன்னொண்ணு. மெயில் முடியற இடத்துல, வேற ஏதோ சொல்ற மாதிரி, "இடது கை மோதிர விரல் வேற கொஞ்ச நாளா முழுசா நீட்ட வரல, அது வயசு"னு ஒரு வரி எழுதியிருந்தீங்க. அது வயசு இல்லாம இருக்கலாம். உள்ளங்கையிலயும் இதே மாதிரி தழும்பு தடிச்சு விரல மடக்கி வைக்கற டுபுய்ட்ரன்னு ஒரு நோய் இருக்கு, பெய்ரோனி வந்தவங்க சிலருக்கு அதுவும் சேந்து வரும், சுகர் இருக்கறவங்களுக்கும் வரும். மேஜை மேல உள்ளங்கையக் கவுத்து வச்சுப் பாருங்க, கை தட்டையா படியலேன்னா, யூராலஜிஸ்ட பாக்கப் போற அன்னிக்கே அந்தக் கையையும் காட்டுங்க.